நாற்பத்தெட்டுக் கிண்ணங்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு
எட்டு மணிக்கே நான் வந்துவிட வேண்டும்.
சபைச் சமையலறையில் தட்டு நிறைய
நாற்பத்தெட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள்,
கட்டைவிரல் நுழையாத அளவு.
திராட்சைச் சாற்றை ஊற்றிவிட்டுக்
குனிந்து,
கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து
எது கூட, எது குறைச்சல் என்று பார்ப்பேன்.
எனக்கு இதில் நல்ல பயிற்சி.

பதினோரு வருஷமாக
ஷெரினை அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒரே மாதம் உட்லண்ட்ஸ் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தோம்.
ஒரே பேருந்தில் திரும்பினோம்.
அவளுக்கு முதல் குலுக்கலிலேயே பொங்கோலில் வீடு,
பதினாலாம் மாடி, நீரோடை பார்த்த ஜன்னல்.
எனக்கு நாலு விண்ணப்பம்,
நாலு முறையும் வீடுகள் தீர்ந்த பிறகே
தொடங்கும் என் வரிசை எண்.
அவள் மகனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் எட்டு.
என் மகளுக்கு இருபத்திரண்டு.
(இங்கே குறைந்த எண்தான் நல்லது.
நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்ட நாத்தனாருக்கு
அதை நான் விளக்கவில்லை.
வாழ்த்துச் சொன்னாள்,
வாங்கி வைத்துக்கொண்டேன்.)

புது வீட்டுச் சாவியைப் படம் பிடித்து
சபைக் குழுவில் போட்டாள்: கர்த்தருக்கே மகிமை.
கைகூப்பும் பொம்மையை அனுப்பியது
என் கட்டைவிரல்.
மற்ற நாலும் மடங்கியே இருந்தன.

இரவில், கண்ணை மூடிக்கொண்டு,
அவளுக்கும் ஒரு குறை வைத்திருப்பீர்தானே ஆண்டவரே
என்று கேட்டிருக்கிறேன்.
ஆமென் மட்டும் சொன்னதில்லை.
தேடியும் பார்த்தேன்.
புருஷன் குடிப்பதில்லை. கடன் இல்லை.
மாமியார்கூடச் சிரித்துப் பேசுகிறவர்.
அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.
முழங்கால் வலிகூடக் கிடையாது.

கரையில் கரி மூட்டி
அவரே மீன் சுட்டுக் கொடுத்த காலையில்,
வயிறு நிறைந்து
மூன்று மறுதலிப்பும் மன்னிக்கப்பட்ட பிறகும்
அந்தச் செம்படவன் திரும்பிப் பார்த்தானே
பின்னால் வருகிறவனை:
அப்போ இவனுக்கு?
அந்தக் கழுத்துத் திருப்பம் எனக்குத் தெரியும்.
லிஃப்டில், ரயிலில், பந்தியில்
எனக்குச் சுளுக்கிக்கொண்ட இடம் அது.
அவர் தடவிக்கொடுக்கவில்லை.
அது உன் கணக்கில்லை என்பதுபோல் ஒரு பேச்சு,
பிறகு நடக்கச் சொன்னார்.

இன்று புட்டி தீர்ந்துவிட்டது.
நாற்பத்தேழு முழுசு,
கடைசி ஒன்று பாதி.
கரண்டியால் எடுத்துச் சரிக்கட்ட
நேரமில்லை. கீபோர்டு தொடங்கிவிட்டது.
முன்வரிசையிலிருந்து தட்டு வருகிறது.
என் பக்கத்தில் ஷெரின்.
கண்மூடியபடி கைநீட்டி எடுத்தாள்,
முழுசு.
தட்டில் மிச்சம் இருந்தது அந்தப் பாதி.
யாருக்கு வரும் பின்னே?

சிரிப்பு வந்தது, திருவிருந்து நேரத்தில்.
குடித்தேன். ஒரு மிடறுகூட இல்லை,
நாக்கு நனைந்தது, அவ்வளவுதான்.
அரைக் கிண்ணத்துக்கு அரை இரட்சிப்பு என்று
எவரும் எனக்குச் சொன்னதில்லையே
என்று நினைத்துக்கொண்டிருந்ததில்
அவள் கிண்ணத்தைப் பார்க்க மறந்துபோனேன்.
ஒரு பாட்டு முடியும் நேரம் இருக்கும்.
அதற்கு மேல் சொன்னால் பொய்.

கழுவும்போது அவள் வந்தாள்,
புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு.
நான் சோப்பு, அவள் தண்ணீர்.
கவிழ்த்து வைத்த நாற்பத்தெட்டில்
பாதியாக இருந்தது எது என்று
எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், வருவாயா
என்றாள். நாலாவது அழைப்பு.
சொல்லாத சாக்கு ஒன்று கைவசம் இருந்தது.
இருக்கட்டும்.

நண்டு கொண்டு வருகிறேன் என்றேன்.
மிளகு தூக்கலாக, தேங்காய் போடாமல்,
காலை நன்றாக உடைத்து வைத்து.
அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்.
பதினோரு வருஷம் உற்றுப் பார்த்ததில்
உருப்படியாகத் தெரிந்துகொண்டது
அது ஒன்று.